செம்பனைக் காட்டுப் பிள்ளைக்கு ஏர்போர்ட்டு வேலை: அனுப்பலாமா, வேண்டாமா?



நோட்டுப் புத்தகத் தாளில் இரண்டு பக்கம் எழுதிய கடிதம் ஒன்று நமக்கு வந்தது. எழுதியவர் சிப்பாங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாகச் செம்பனைக் குலை வெட்டுகிறவர். "ஐயா, என் சின்ன மகனை ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூத்த மகள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறாள். இவனும் போய்விட்டால் தோட்டத்தில் பேர் பதிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு வயது 58. அனுப்பலாமா, வேண்டாமா? உங்கள் பகுதியில் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார்.

கடிதத்துக்குப் பதில் எழுதுவதை விட நேரில் போய்ப் பார்ப்பதே நல்லது என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

வரிசையாக இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம்மவர் வீடு ஏழெட்டுத்தான் மிச்சம். பேசிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று போய்ச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. "பழகிப் போச்சிங்க. சின்னப் புள்ளைங்க நிமிர்ந்துகூடப் பாக்கிறதில்லே" என்றார் அந்த அண்ணன்.

காடு போய்க் களம் வந்தது

1998-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன், 1965-லிருந்து, சுபாங்தான் தலைநகரின் விமான நிலையம். புதிய நிலையத்துக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய 25,000. அதில் பெரும் பகுதி செம்பனையும் பால்மரமும் நின்ற மண். பக்கத்திலே புத்ராஜெயா எழுந்த இடத்தில் இருந்ததும் பிராங் புசார் தோட்டம்தான்.

நம் பாட்டன் காட்டை அழித்து நட்ட மரம் போய்விட்டது. அதே மண்ணில் இன்று பேரப்பிள்ளை பெட்டி தூக்குகிறான், கூட்டுகிறான், காவல் காக்கிறான். இதில் அழுவதற்கும் விஷயம் உண்டு, மகிழ்வதற்கும் உண்டு. ஆனால் கடிதம் எழுதிய அண்ணனுக்கு வேண்டியது கணக்கு. ஆகவே கணக்குக்கு வருவோம்.

குலையும் பெட்டியும்

பெட்டி ஏற்றுவது என்றால் என்ன வேலை? பயணிகளுக்கு அது கண்ணில் படாது. கவுண்டரில் கொடுத்த பெட்டி வார்ப்பட்டையில் ஓடி உள்ளே மறைவதோடு அவர்களுக்குச் சரி. அதற்குப் பிறகுதான் நம் பிள்ளைகளின் வேலை ஆரம்பிக்கிறது.

பெரிய விமானங்களில் பெட்டிகளை அலுமினியக் கூண்டில் அடுக்கி, இயந்திரத்தால் தூக்கி உள்ளே தள்ளுவார்கள். 180 பேர் ஏறும் சிறிய விமானங்களில் பெரும்பாலும் கைவேலைதான். விமானத்தின் வயிற்றுக்குள் நிமிர்ந்து நிற்க இடமில்லை. முழங்காலிட்டு, முதுகை வளைத்து, வார்ப்பட்டையில் வரும் பெட்டியை இழுத்து அடுக்க வேண்டும். ஒரு விமானத்துக்கு 100 பெட்டி, ஒவ்வொன்றும் 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் 2 டன். வந்ததை இறக்கி, போவதை ஏற்றினால் 4 டன். சில மலிவுக் கட்டண விமானங்கள் வந்து நின்று திரும்பிப் புறப்படுவதற்குள் கிடைப்பது 25 நிமிடம்தான். அந்த விமானம் போனதும் அடுத்த விமானம் காத்திருக்கும்.

இதைக் கேட்டதும் அண்ணன் சிரித்தார். "குலையும் அதே இருபது கிலோதானே ஐயா. நமக்கென்ன புதுசா?"

புதிது உண்டு என்று சொன்னோம். குலைக்கு முள் உண்டு, ஆனால் கடிகாரம் இல்லை. செம்பனைக்கு அடியில் கொஞ்சம் நிழலாவது உண்டு. விமானத் திடலில் நிழலே கிடையாது. மேலே வெயில், கீழே சூடேறிய சிமெண்டுத் தரை. அடுக்குவதிலும் கணக்கு இருக்கிறது. எந்த அறையில் எவ்வளவு எடை என்று தாளில் எழுதித் தருவார்கள். முன்னால் வைக்க வேண்டியதைப் பின்னால் வைத்தால் விமானத்தின் சமநிலையே கெடும். 'எங்கேயோ போட்டால் என்ன' என்கிற பேச்சு அங்கே செல்லாது.

உயிருக்கு வைத்த கோடுகள்

இந்த வேலையில் ஆபத்து உண்டு என்பதை மறைக்கக் கூடாது.

விமானம் வந்து நின்றதும் ஓடிப் போய்விட முடியாது. அதன் வயிற்றிலும் முதுகிலும் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். அந்த விளக்கு அணைந்து, எஞ்சின் நின்று, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் கிட்டே போகலாம். ஓடுகிற எஞ்சின் முன்னால் நிற்பவரை உள்ளே இழுத்துவிடும். பின்னால் நிற்பவரைத் தூக்கி எறியும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி மும்பை விமான நிலையத்தில் ஒரு தொழில்நுட்ப ஊழியர் இப்படி எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். அவர் அனுபவம் இல்லாத புதிய ஆள் அல்ல. பழகிய கை என்பதே சில வேளை ஆளை ஏமாற்றிவிடும்.

இரண்டாவது மின்னல். சிலாங்கூரில் பின்னேரம் ஆனால் இடி இடிப்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திறந்த வெளியில் இரும்புக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை இது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். பயணிகள் தாமதம் என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்! 2022-ல் திருத்தப்பட்டு 2024 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து முதலாளி அதை நீக்காதபோது, தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள உரிமை உண்டு. இது தோட்டத்துக்கும் பொருந்தும், அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காது. இது உடனே தெரியாது. பத்து வருடம் கழித்துப் பேரப்பிள்ளை கூப்பிடுவது காதில் விழாதபோதுதான் தெரியும். நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிப்படி, நாள் முழுவதற்குமாகக் கணக்கிட்டு 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் தொழிலாளியை வைத்திருக்கக் கூடாது; 82-ஐத் தாண்டினாலே அது மிகுந்த சத்தம் என்று கணக்கு. காதடைப்பான் கொடுத்தால் சட்டைப் பையில் வைக்காதீர்கள், காதில் வையுங்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

மகள் சொன்ன கதை

மூத்த மகள் அன்று இரவு வேலை முடிந்து வந்து தூங்கி எழுந்திருந்தார். தேத்தண்ணீர் கலந்து கொடுத்துவிட்டு அவரும் உட்கார்ந்து பேசினார்.

அவர் முதலில் சேர்ந்தது துப்புரவு வேலையில், ஒரு குத்தகைக்காரரிடம். "கக்கூஸ் கழுவத்தான் போறியான்னு தோட்டத்துலே கேட்டாங்க. நான் காதுல போட்டுக்கல" என்றார். அங்கே அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம்: விமான நிலையத்தில் குப்பை என்பது வெறும் குப்பை அல்ல.

இதை நாமும் விளக்குவோம். 2000-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி பாரிசிலிருந்து புறப்பட்ட கன்கார்டு விமானம் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் இருந்த 4 பேரும் மாண்டனர். காரணத்தை ஆராய்ந்தபோது, முன்னால் போன வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த ஓர் உலோகத் துண்டு சக்கரத்தைக் கிழித்தது தெரிய வந்தது. அரை மீட்டர் நீளம்கூட இல்லாத துண்டு! ஆகவே திடலில் குனிந்து ஒரு திருகாணியைப் பொறுக்குகிறவர், தம்மை அறியாமலே நூறு பேரின் உயிரைக் காப்பாற்றுகிறவராக இருக்கலாம். தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிய கைக்கு இதை விட மரியாதை என்ன வேண்டும்?

பிறகு 2020 வந்தது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. 2019-ல் 62 மில்லியன் பயணிகள் வந்து போன அந்த விமான நிலையத்துக்கு, 2020-ல் வந்தவர்கள் 13 மில்லியன்தான். குத்தகைக்காரர் முதலில் நாளைக் குறைத்தார், பிறகு ஆளைக் குறைத்தார். மகள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு உதிரி பொறுக்கப் போனார். "காடு மட்டும் நிக்கலீங்க. எண்ணெய் எல்லாருக்கும் வேணுமே" என்று அப்பா குறுக்கே சொன்னார்.

2022 ஏப்ரல் முதல் தேதி நாட்டின் எல்லைகள் முழுமையாகத் திறந்தன. மகள் மறுபடி போனார். இம்முறை எஸ்.பி.எம். சான்றிதழைக் காட்டி, பாதுகாப்புச் சோதனைப் பிரிவுக்கு மனுப்போட்டுப் பயிற்சி முடித்தார். இப்போது திரையில் பெட்டிகளின் உள்ளே பார்க்கிறார். கண் அசந்தால் போயிற்று. அதனால்தான் பல நாடுகளில் ஒருவரைத் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் திரை முன்னால் உட்கார வைப்பதில்லை, ஆளை மாற்றிவிடுவார்கள்.

"கஷ்டம் எது?" என்று கேட்டோம்.

"தூக்கம்தாங்க. பகல்லே தகர வீட்டுலே தூங்க முடியாது. தீபாவளி அன்னிக்கு ஷிப்டு, கோயில் திருவிழா அன்னிக்கு ஷிப்டு. தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கே நான் இல்லே."

"பிடித்தது எது?"

கொஞ்சம் யோசித்தார். "ஊருக்குப் போற பாட்டிமாருங்க வருவாங்க. திருச்சி கப்பலுக்கோ, சென்னை கப்பலுக்கோ. மொதல் தடவை. மலாயும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது, பயந்து நடுங்குவாங்க. 'பயப்படாதீங்க பாட்டி, இந்தப் பக்கம் வாங்க'ன்னு சொன்னா, நம்ம புள்ளையான்னு கையைப் புடிச்சிக்குவாங்க. அதுக்காகவே போகலாம்."

சம்பளத் தாளை நாமே படிப்போம்

இனி காசுக் கணக்கு. 2025-ஆம் ஆண்டு முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. தோட்டத்துக்கும் அதுதான், விமான நிலையத்துக்கும் அதுதான். ஆகவே அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு யாரும் துள்ள வேண்டாம். வித்தியாசம் மிகைநேரம், இரவுப்படி, பயணப்படி இவற்றில்தான் இருக்கிறது.

1,700 வெள்ளியை 26 நாளாக வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நேரமாக வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது ஏறக்குறைய 12 வெள்ளி 26 காசு. இங்கே நம் பிள்ளைகள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. '12 மணி நேர ஷிப்டு' என்றதும், 'எட்டுப் போக நாலு மணி நேரம் ஓ.டி.' என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஷிப்டு வேலையில் மூன்று வாரச் சராசரி, வாரத்துக்கு 45 மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால் சட்டம் அதை அனுமதிக்கிறது. நாலு நாள் வேலை, நாலு நாள் ஓய்வு என்றால் சராசரி 42 மணிதான். அப்போது அந்த நாலு மணி நேரம் மிகைநேரம் ஆகாமல் போகலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

சேமநிதியில் தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு. 1,700 வெள்ளிக்கு 187-ம் 221-ம் சேர்ந்து மாதம் 408 வெள்ளி. பத்து வருடத்தில் லாப ஈவு சேராமலே 48,960 வெள்ளி. மாதா மாதம் அந்தப் பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். பாருங்கள்!

சொக்சோவையும் மறக்க வேண்டாம். வேலையிடத்து விபத்துக்கு மட்டுமல்ல, வீட்டிலிருந்து நேரே வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. இரவு ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் கண்ணயர்ந்து வருகிற பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். அதை விடப் பெரிய விஷயம், கண் சொருகினால் வண்டியை ஓரம் கட்டுவது.

பழைய கங்காணியும் புதிய குத்தகைக்காரரும்

அந்த நாளில் நம் முன்னோர் துரையிடம் நேராக வேலைக்கு வரவில்லை. கங்காணி மூலம் வந்தார்கள். விமான நிலையத்திலும் பல வேலைகள் குத்தகைக்காரர் மூலமே நடக்கின்றன. பெயர் பலகையில் ஒன்று இருக்கும், சம்பளத் தாளில் வேறொன்று இருக்கும். ஷிப்டுக்கு முன்னால் வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவதைப் பார்த்தால் நம் பெரட்டுக் களம்தான் நினைவுக்கு வருகிறது. எல்லாக் குத்தகைக்காரரும் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் குத்தகை மாறும்போது, 'நீ புது ஆள், முதல் வருடத்திலிருந்து ஆரம்பி' என்று சொல்லிவிட்டால் எட்டு வருட உழைப்பு எங்கே போயிற்று?

தோட்டத்தில் மரம் கம்பெனியுடையது. வீடும் கம்பெனியுடையது. அறுபது வயதில் நமக்கென்று மிஞ்சியது என்ன? இந்த ஒரு கேள்வியைத்தான் புதிய வேலையிடமும் கேட்க வேண்டும். 'இங்கிருந்து ஒரு நாள் வெளியே வந்தால் என் கையில் எது இருக்கும்?'

விமான நிலையம் தரக்கூடிய நல்ல பதில் ஒன்று உண்டு. அது தொழில் அறிவு. இழுவை வண்டி, வார்ப்பட்டை வண்டி, விமானத்தையே பின்னுக்குத் தள்ளும் டிராக்டர் இவற்றை ஓட்ட, சாலை லைசென்ஸ் தவிர திடலுக்கென்று தனிப் பரீட்சை எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஆபத்தான பொருள்களைக் கையாளும் பயிற்சி, எடைக் கணக்குப் பயிற்சி என்று மேலே போக ஏணி இருக்கிறது. அந்தப் பயிற்சிச் சான்றிதழ் உங்கள் பேரில் இருந்தால் குத்தகை மாறினாலும் அதை யாரும் பிடுங்க முடியாது. ஏணியின் அடிப்படியிலேயே பத்து வருடம் நின்றால் முதுகு மட்டும்தான் தேயும்.

வீடு என்கிற பெரிய கேள்வி

அண்ணனின் பயம் இதில்தான். ஓய்வு வயது 60. அவர் ஓய்வு பெற்றதும், வீட்டில் தோட்டத்து ஆள் இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அதற்காகச் சின்னவனை வாழ்நாள் முழுவதும் காட்டிலேயே நிறுத்துவதா? வீட்டுக்கு வாடகையாக ஒரு பிள்ளையைக் கொடுப்பது போல் அல்லவா ஆகிறது!

நாம் அவரிடம் சொன்னது இதுதான்: உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. மலிவு விலை வீட்டுக்கு இன்றே மனுச் செய்யுங்கள். 55 வயதைக் கடந்த உங்கள் சேமநிதியை எடுக்க வழி உண்டு. அதை வீட்டு முன்பணத்துக்கென்று பத்திரமாக வையுங்கள், காருக்கும் கல்யாணச் செலவுக்கும் கரைத்துவிடாதீர்கள். பிள்ளைகளின் சேமநிதியை மட்டும் நம்ப முடியாது. 2024 மே மாதம் முதல் புதிதாகச் சேரும் பணத்தில் 15 விழுக்காடுதான் வீட்டுக்கு எடுக்கக்கூடிய கணக்கில் விழுகிறது. 408 வெள்ளியில் அது 61 வெள்ளி. ஆகவே மூன்று பேரும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி நகரும்.

சின்னவனிடம் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் தருகிறோம்.

1. என் முதலாளி யார்? ஒப்பந்தம் எத்தனை மாதம்? குத்தகை மாறினால் என் சேவைக் காலம் என்ன ஆகும்?
2. ஷிப்டு எத்தனை மணி நேரம்? எந்த மணியிலிருந்து மிகைநேரம்?
3. விடியற்காலை நாலு மணிக்கு வேலை என்றால் வண்டி எங்கே வரும்?
4. காதடைப்பான், பாதுகாப்புக் காலணி, மழைச் சட்டை யார் செலவு?
5. பயிற்சிச் சான்றிதழ் என் பேரில் கிடைக்குமா?

இன்னொன்று: விமான நிலைய அட்டைக்குப் போலீஸ் பின்னணிச் சோதனை உண்டு. அடிதடி, போதைப்பொருள் என்று பேர் கெட்டவருக்கு அந்த அட்டை கிடைப்பது கடினம். கெட்ட சகவாசத்தில் போகிற தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துச் சின்னவர் தொலைபேசியில் கூப்பிட்டார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தையும் கேட்டாராம். "யாரு எழுதிக் கொடுத்ததுன்னு கேட்டாங்கய்யா" என்று சிரித்தார். ஒப்பந்தம் ஒரு வருடம், பிறகு புதுப்பிப்பார்கள். சான்றிதழ் அவர் பேரில். வண்டி தோட்டத்து வாசலுக்கு வராது, டவுனுக்குத்தான் வரும். குத்தகை மாறினால் என்ன ஆகும் என்கிற கேள்விக்கு மட்டும் சரியான பதில் வரவில்லை. "அதை நான் மறக்க மாட்டேன்யா. அங்கே சங்கம் இருக்கான்னு விசாரிக்கிறேன்" என்றார். வேலையில் சேர்ந்துவிட்டார்.

அப்பாவும் பேசினார். "வீட்டுக்கு எழுதிப் போட்டாச்சிங்க. கிடைக்குதோ இல்லியோ, மொதல்ல எழுதிட்டோம். இப்ப மேலே கப்பல் போனா நிமிர்ந்து பாக்கிறேன். அதுல அவன் அடுக்குன பொட்டி இருக்குமோன்னு தோணுது."

அன்பர்களே, உங்கள் பிள்ளைகளை அனுப்புவதும் நிறுத்துவதும் உங்கள் முடிவு. அனுப்பினால் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளையாக அனுப்புங்கள். ஏற்கெனவே அங்கே வேலை செய்கிறவர்கள் உங்கள் அனுபவத்தை நமக்கு எழுதுங்கள். அடுத்து வருகிறவருக்கு அது வழிகாட்டும்.